திருமேனிக்கும் ஒரு டெஸ்ட் சர்டிபிகேட்

நான் படித்தது உலோகவியல். டிப்ளமோ முடித்த கையோடு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலையின் சோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பழைய இரும்பை இண்டக்‌ஷன் உலையில் உருக்கி, பில்லட்டாக வார்த்து, கட்டடக் கம்பியாக உருட்டும் ஆலை. உலையிலிருந்து நீளக் கரண்டியில் மொண்டு வரும் உருக்கைச் சின்ன அச்சில் ஊற்றி, ஆற வைத்து, முகத்தைத் தேய்த்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்துப் பொறி விடுவேன். கார்பன், மாங்கனீஸ், சிலிக்கான், கந்தகம், பாஸ்பரஸ் எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் திரையில் வந்துவிடும். நான் எண்களைச் சொன்ன பிறகுதான் உலையைச் சாய்ப்பார்கள்.

வீடு எளாவூரில். கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ரயில் நிலையம். ஆந்திர எல்லைச் சோதனைச் சாவடி இருப்பதால் லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த ஊர். கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில் தெருவே மொட்டைமாடிக்கு ஏறிவிடும். அம்மாவுக்கு வருடத்தில் ஒரு நாள் மட்டும் எதற்காகவும் விட்டுக்கொடுக்க முடியாத நாள்: மார்கழித் திருவாதிரை. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கும் திருவாலங்காட்டுக்கு அன்று போயாக வேண்டும். நடராஜர் ஆடும் ஐந்து சபைகளில் ரத்தின சபை அது. காரைக்காலம்மையார் தலையால் நடந்து போய், ஆடும் பாதத்தின் கீழ் அமர்ந்த இடம். உலோகத்தை எனக்குப் பாலிடெக்னிக் சொல்லிக்கொடுத்தது. உலோகத்தைக் கும்பிடலாம் என்று சொல்லிக்கொடுத்தவள் அம்மா.

இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்தது எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில். திருவாலங்காட்டு நடராஜர் ஒருவர் அங்கே திருவாசி இல்லாமல் நிற்கிறார். சோழர் காலத்து வார்ப்பு. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இவரைப் புகைப்படங்களில் மட்டும் பார்த்து 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு 1921இல் அது அச்சானது. ரோடின் கண்ட அழகு என் கண்ணுக்கும் தெரிந்தது. ஆனால் வேலைப் பழக்கம் என்னை வேறொன்றையும் பார்க்கச் சொன்னது. உலோகம் எந்த வழியாக உள்ளே வந்தது? காற்று எந்த வழியாக வெளியேறியது? தூக்கிய காலின் மெலிந்த கணுக்கால் வழியாகப் பாதம் வரை உருகிய உலோகம் போய்ச் சேர்ந்திருக்கிறது. நடுவில் எங்கும் உறைந்து நிற்கவில்லை. எங்கள் ஆலையில் சாதாரணப் பில்லட்டிலேயே ஓட்டை விழும். உலோகத்தின் வெப்பம் அளக்கும் பைரோமீட்டர் இல்லாத காலத்தில் இதைச் செய்தவனுக்கு என்ன தெரிந்திருந்தது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தக் கேள்வியோடு, இன்றும் திருமேனி வார்க்கும் சுவாமிமலைக்குப் போனேன்.

அங்கே என்னைச் சேர்த்துக்கொண்ட ஸ்தபதி ஐயாவின் பட்டறையில் முதலில் கொடுத்த வேலை ஓலை மடிப்பது. செய்யப்போகும் திருமேனியின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு பிரிப்பார்கள். அதற்கு ஒடியோலை என்று பெயர். உத்தம தசதாலம் என்ற அளவு முறை என்றால் உயரம் 124 பங்கு. மத்திம தசதாலம் என்றால் 120. முகம் இத்தனை பங்கு, கழுத்து இத்தனை, முழங்கால் இத்தனை என்று எல்லாமே அந்த ஓலையிலிருந்துதான் வரும். அங்குலமோ சென்டிமீட்டரோ அங்கே நுழைவதில்லை. ஒரு முழம் உயரச் சிலைக்கும் ஆளுயரச் சிலைக்கும் விகிதம் மாறாது. அளவுகோலை வெளியிலிருந்து கொண்டு வராமல் உருவத்துக்குள்ளிருந்தே எடுப்பது எவ்வளவு தெளிவான கணிதம் என்று எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

அடுத்தது மெழுகு. தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, குளிர்ந்த தண்ணீரில் விடுவார்கள். குங்கிலியம் கூடினால் உடையும். எண்ணெய் கூடினால் தொய்யும். வெயில் காலத்துக்கு ஒரு கை, பனிக் காலத்துக்கு ஒரு கை. தலை, உடல், கைகள் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிடித்து, சூடான இரும்பால் இணைக்க வேண்டும். அதற்கு முன் அந்த மூர்த்திக்குரிய தியான சுலோகம் மனப்பாடமாக வேண்டும். எத்தனை கை, எந்தக் கையில் என்ன, பார்வை எங்கே, காலின் வளைவு எப்படி எல்லாம் அதில் இருக்கிறது.

“மனசுல நிக்காத உருவம் மெழுகுல நிக்காது தம்பி. மெழுகுல இருக்கற குறை உலோகத்துல ஊருக்கே தெரியும்” என்பார் ஐயா.

இதை நான் முழு மனதோடு ஏற்றுக்கொண்டவன். இன்று பல பட்டறைகளில் மெழுகை அரைகுறையாக விட்டு, வார்த்த பிறகு உளியாலும் அரத்தாலும் நகையையும் ஆடை மடிப்பையும் வெட்டி எடுக்கிறார்கள். சோழர் காலத் திருமேனிகளில் அந்த மென்மை மெழுகிலேயே வந்தது. வெட்டி எடுத்த கோட்டின் விளிம்பு கூராக நிற்கும். மெழுகில் விரல் போட்ட கோடு உடம்போடு சேர்ந்தே இருக்கும். கண்ணை மூடித் தடவினாலே வித்தியாசம் தெரியும். மெழுகுக்குக் கூடுதலாக ஒரு மாதம் கொடுக்க மனமில்லாதவர் இந்தத் தொழிலுக்கு வரவே வேண்டாம் என்பது என் கருத்து.

மெழுகு உருவத்தின் மேல் முதல் பூச்சு காவிரி வண்டல். மாவுபோல் அரைத்த அந்த மண்ணில் உமிக்கரியும் சாணமும் சேரும். உருவத்தின் ஒவ்வொரு ரேகையையும் பிடித்துக்கொள்வது இந்தப் பூச்சுதான். நிழலில் காய்ந்த பிறகு மணல் கலந்த இரண்டாம் பூச்சு, அதன் மேல் பருமணல் பூச்சு, பெரிய அச்சாக இருந்தால் இரும்புக் கம்பிக் கட்டு. பிறகு வறட்டித் தீயில் சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றுவார்கள். உமிக்கரியும் சாணமும் எரிந்து போய் மண்ணில் நுண்ணிய துளைகளை விடும். வார்க்கும்போது வாயு வெளியேறுவது அந்தத் துளைகள் வழியாகத்தான். ஃபவுண்டரி பாடத்தில் இதற்குப் பெயர் பெர்மியபிலிட்டி.

எவ்வளவு உலோகம் உருக்குவது? மெழுகு உருவத்தை நிறுத்துப் பார்ப்பார்கள். மெழுகின் அடர்த்தி ஏறத்தாழ 0.96, வெண்கலத்துக்கு 8.8 அளவில். அப்படியென்றால் மெழுகைப்போல் சுமார் ஒன்பது மடங்கு உலோகம் வேண்டும். உலோகம் இறங்கும் ரன்னருக்கும் மேலேறி நிற்கும் ரைசருக்கும் மேற்கொண்டு கொஞ்சம். சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய மானசோல்லாசமும் மெழுகை நிறுத்து அதன் மடங்குகளில் செம்பு எடு, வெள்ளிக்கு மடங்கு கூட்டு, பொன்னுக்கு இன்னும் கூட்டு என்கிறது. அடர்த்தி என்ற கருத்தை எண்ணாகக் கையில் வைத்திருந்தவர்கள் அவர்கள். தராசில் நின்ற அறிவு அது.

ஆலை வேலைக்கு இடையிடையே சுவாமிமலைக்குப் போய் வந்த காலம் முடிந்து, எளாவூரில் வீட்டுக்குப் பின்னால் சின்ன உலை போட்டேன். மண்ணை மட்டும் இன்றுவரை காவிரிக் கரையிலிருந்தே கொண்டு வருகிறேன். இங்கே பெரிய எதிரி ஈரம். ஏரிக் காற்றில் அச்சு காய்ந்ததுபோல் தெரியும். உள்ளே ஈரம் இருக்கும். 1,100 டிகிரிக்கு மேல் சூடான உலோகம் அந்த ஈரத்தைத் தொட்டதும் நீராவி பிரிந்து ஹைட்ரஜன் உலோகத்துக்குள் கரையும். உறையும்போது வெளியே வரப் பார்த்து, தோலுக்குக் கீழே குமிழியாகச் சிக்கிக்கொள்ளும். மேலே பளபளவென்று இருக்கும் முகத்தை அரம் போட்டதும் ஊசித் துளைகள் எழும். ஆலையில் அப்படி ஒரு வார்ப்பு வந்தால் மறுபடி உருக்கிக்கொள்ளலாம். பூஜைக்குப் போகும் மூர்த்தி பின்னமாக வந்தால் ஒரு குடும்பமோ ஓர் ஊரோ பல மாதம் காத்திருந்த காத்திருப்பு வீணாகும். ஐயா அச்சில் கன்னத்தை வைத்து ஈரம் பார்ப்பார். நான் அச்சைத் தினமும் தராசில் வைக்கிறேன். எடை இறங்குவது நின்ற பிறகும் சூடேற்றி, சூடு ஆறும் முன்பே குழியில் இறக்குகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வார்ப்பே வைப்பதில்லை.

உலோகம் உருக்கும் மூசையில் நடப்பதைச் சொன்னால்தான் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம். செம்பு மட்டும் 1,084 டிகிரியில் உருகும். உருகினாலும் வாயுவைக் குடித்துக்கொண்டு மந்தமாக ஓடும். வெள்ளீயம் சேர்ந்தால் உருகுநிலை இறங்கும், உறுதி ஏறும். காரீயத்தின் குணம் வேறு. திட நிலையில் அது செம்போடு கலப்பதே இல்லை. செம்பும் வெள்ளீயமும் முன்னால் உறைந்து கிளை விட்ட படிகங்களாக வளர, காரீயம் 327 டிகிரி வரை திரவமாகவே இருந்து, படிகங்களுக்கு நடுவிலுள்ள இடுக்குகளில் போய் அமரும். இறுகிச் சுருங்கும் உலோகத்தில் விழக்கூடிய நுண்துளைகளை அது நிரப்புகிறது. மெல்லிய விரல்நுனி வரை உலோகம் ஓடவும், பிறகு உளி இழுத்த இழுப்புக்கு வரவும் அதுதான் காரணம். ஒரு துண்டை மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் செம்பொன் தரையில் சாம்பல் நிறப் புள்ளிகளாகக் காரீயம் தெரியும். சோழர் காலத் திருமேனிகளில் பெரும்பாலானவை இப்படிக் காரீயம் கலந்த வெண்கலங்களே.

பித்தளை ஏன் சேர்க்கிறோம் என்று ஐயாவைக் கேட்டேன். “சுடர் சொல்லும், பாரு” என்றார். பித்தளையை மூசையில் இட்டதும் பச்சை கலந்த வெண்சுடர் எழுந்து வெண்புகை கிளம்பியது. பித்தளையிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிப்பது. அது ஆவியாகப் பொங்கும்போது உருகிய செம்பிலுள்ள பிராணவாயுவை இழுத்துக்கொண்டு போகிறது. புகை அடங்கி உலோகத்தின் முகம் கண்ணாடிபோல் தெளிந்ததும் ஐயா கையைக் காட்டுவார். நான் பைரோமீட்டரை நீட்டிப் பார்த்தேன். அவர் கை காட்டும் வெப்பம் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

ஊற்றும்போது பட்டறையில் யாரும் பேசக் கூடாது. நூல்போல் அறாத தாரையாக உலோகம் இறங்க வேண்டும். நடுவில் அறுந்தால் முதலில் இறங்கியதும் பின்னால் இறங்கியதும் ஒட்டாமல் கோடு விழும். வேகம் கூடினால் சுழன்று காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐயா ஐந்தெழுத்தை உதட்டளவில் சொல்லிக்கொண்டே சாய்ப்பார். அந்த ஓதலின் சீர்தான் தாரையின் சீர். அவருக்கு அது வழிபாடு. என் பாடப் புத்தகத்தில் அது ஊற்று வேகம். எனக்கு இன்றைக்கு இரண்டும் ஒன்று. ஐந்தெழுத்தில்லாமல் நான் மூசையைச் சாய்ப்பதில்லை.

நடராஜரையும் அறிவியலையும் சேர்த்துப் பேசுபவர்கள் உடனே அணுவின் நடனத்துக்குப் போய்விடுகிறார்கள். 1975இல் ஃபிரிட்ஜாஃப் காப்ரா தம் புத்தகத்தில் அந்த ஒப்புமையை விரித்தார். 2004 ஜூன் 18 அன்று ஜெனீவாவில் செர்ன் ஆய்வுக்கூட வளாகத்தில் இந்தியா கொடுத்த 2 மீட்டர் நடராஜர் நிறுவப்பட்டார். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் திருமேனியின் அறிவியலைத் தேடி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அது மூசையிலும் மண்ணிலும் ஓலையிலும் இருக்கிறது. அதைக் கையால் செய்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

அந்த வழியில் போன அறிஞர்களும் நமக்கு உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக் கூடத்தில் எஸ். பரமசிவன் பணியாற்றினார். மண்ணுக்கடியில் கிடந்து களிம்பேறிய திருமேனிகளை மின்னாற்பகுப்பு முறையில் மீட்டவர் அவர். தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களின் சுதையையும் வண்ணத்தையும் ஆராய்ந்தவரும் அவரே. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பல்தேவ் ராஜும் அவருடைய சகாக்களும், அணு உலை உபகரணங்களைச் சோதிக்கும் சேதமில்லா முறைகளைச் செப்புத் திருமேனிகளின் பக்கம் திருப்பினார்கள். 2000இல் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்கள்.

நான் அதிகம் படித்துக் கற்றது ஷாரதா ஸ்ரீனிவாசனிடமிருந்து. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பொறியியல் இயற்பியல் படித்து, லண்டனில் தொல்லுலோகவியலில் முனைவர் பட்டம் பெற்றவர், பரதநாட்டியக் கலைஞர், 2019இல் பத்மஸ்ரீ. நடராஜரை ஆடவும் தெரியும், நடராஜரின் காரீயத்தை அளக்கவும் தெரியும். நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் திருமேனிகளின் உலோகத்தை அவர் ஆராய்ந்தார். காரீயத்தின் ஐசோடோப்பு விகிதம் பெரும்பாலும் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். அந்த விகிதத்தையும் சுவடுத் தனிமங்களையும் சேர்த்துப் பார்த்தால், எந்தச் சிலை எந்தக் காலத்துக் கூட்டத்தோடு சேர்கிறது என்று சொல்ல முடிகிறது. சோழர் காலத்தது என்று நம்பப்பட்ட சில நடராஜர்கள் பல்லவர் காலத்துக்கு முன்னகர்ந்தது இந்த வழியில்தான். கலையும் அறிவியலும் ஒரே ஆளிடம் கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்று இல்லை.

இவற்றையெல்லாம் படிக்கப் படிக்க ஒரு வருத்தம் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஆலையில் ஒவ்வோர் உலைக்கும் ஒரு ஹீட் நம்பர் உண்டு. பில்லட்டின் மேல் எழுதுவார்கள். கம்பி லாரி ஏறும்போது அதே எண்ணோடு ஒரு டெஸ்ட் சர்டிபிகேட்டும் கூடப் போகும். மாடிப்படிக்குள் மறையப்போகும் கம்பிக்கு இத்தனை கவனம். ஆயிரம் வருடம் கும்பிடப்போகும் திருமேனி எந்த எழுத்தும் இல்லாமல் பட்டறையை விட்டுப் போகிறது.

இது ஆவணப் பிரியரின் குறை அல்ல. பத்தூர் நடராஜர் 1976இல் மண்ணிலிருந்து கிடைத்து, கடத்தப்பட்டு, லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து 1991இல்தான் நாடு திரும்பினார். சிலையில் ஒட்டியிருந்த மண் வரை அந்த வழக்கில் ஆராய வேண்டியிருந்தது. ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014இல் அவர் திரும்பி வந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள் முக்கியக் காரணம். புகைப்படம் இருந்தவர் வீடு வந்தார். புகைப்படமே எடுக்கப்படாத எத்தனையோ சாமிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

கோயில்காரர்களிடம் இதைப் பேசினால் உடனே வரும் கேள்வி: “சாமி மேல துளை போடறதா?” நியாயமான கேள்வி. பிரதிஷ்டையான மூர்த்தியின் மேல் என் கை படாது. ஆனால் புதிய வார்ப்பில் துளைக்கு அவசியமே இல்லை. உலோகம் உள்ளே போன ரன்னரை எப்படியும் அறுத்து எடுக்கிறோம். மூர்த்தியின் உடலில் ஓடிய அதே உலோகம் அதில் இருக்கிறது. காரீயம் கனமானது, கீழே சற்றுக் கூடுதலாகத் தங்கக்கூடும்; அதனால் மேல்முனையில் ஒரு துண்டும் கீழ்முனையில் ஒரு துண்டும் எடுத்தால் போதும். கண் திறப்பதற்கு முன்பே, மூர்த்தியைத் தொடாமலே சோதனை முடிந்துவிடும். செம்பு அடிப்படை அளவீடு உள்ள ஸ்பெக்ட்ரோமீட்டராக மட்டும் இருக்க வேண்டும். எங்கள் சிப்காட்டில் உள்ளதுபோல் இரும்புக்கு மட்டும் அமைத்தது உதவாது. கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கருவி தோலை மட்டும் பார்க்கும். அரம் போட்ட முகத்தில் காரீயம் இழுபட்டிருந்தால் கணக்குத் தவறும்.

என் பட்டறையிலிருந்து போகும் ஒவ்வொரு மூர்த்தியோடும் ஒரு தாள் போகிறது. எண், வார்த்த நாள், நட்சத்திரம், தாலம், மெழுகின் எடை, உலோகத்தின் எடை, கலவை விகிதம், நான்கு பக்கப் படம், பீடத்தின் அடிப்பகுதிப் படம். அதன் கீழே கையால் எழுதும் ஒரு பகுதியும் உண்டு. வார்ப்பு நாளில் குடும்பத்தார் வந்து மூசையில் பொன்னும் வெள்ளியும் இடுவார்கள். 60 கிலோ உலோகத்தில் ஒரு கிராம் பொன் என்பது பத்து லட்சத்தில் 17 பங்குகூட இல்லை; என் பரிசோதனைத் தாளில் அது வராது. ஒரு பாட்டி தன் மூக்குத்தியைக் கழற்றி இட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மூக்குத்தி உள்ளே இருக்கிறது. கருவி காணாததையும் எழுதி வைப்பது சோதனைக்காரனின் கடமை. அதனால் யார் என்ன இட்டார்கள் என்று அவர்கள் முன்னாலேயே எழுதுகிறேன்.

மாமல்லபுரத்தில் 1957 முதல் நடக்கும் அரசு சிற்பக் கல்லூரியில் உலோகச் சிற்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தாளை நிரப்பும் பழக்கம் பாடமாக வேண்டும். சுவாமிமலையில் பட்டறைகள் சேர்ந்து ஒரு பொதுச் சோதனைக் கூடம் வைத்துக்கொள்ள முடியும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் ஊர்க் கோயிலுக்கு உற்சவர் வார்க்கக் கொடுக்கும்போது ஸ்தபதியிடம் மரியாதையோடு கேளுங்கள்: ரன்னரில் இரண்டு துண்டு, மெழுகின் எடை, உலோகத்தின் எடை, ஐந்து படங்கள். துண்டுகளைச் சோதித்து, தாளின் ஒரு பிரதியைக் கோயிலிலும் ஒரு பிரதியை ஊருக்கு வெளியே நம்பிக்கையான ஓரிடத்திலும் வையுங்கள். சிலைக்குக் கொடுக்கும் தொகையோடு பார்த்தால் இந்தச் செலவு ஒரு பொருட்டே அல்ல.